18 மி.மீ.யில் முட்டி நின்ற கேமரா: வீட்டு விற்பனைப் படங்களுக்காக ஒரு கருவி மாற்றம்

பின்னணி

இதில் வரும் புகைப்படக்காரர் நான்கு வருடம் விழாப் படங்கள் எடுத்தவர். தெரிந்த ஒருவர் மூலம் ஒரு வீட்டு விற்பனை ஏஜென்ட் அறிமுகமாக, விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுத்துத் தர ஆரம்பித்தார். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வீடு, ஒரு வீட்டுக்கு 25 படம். கையில் இருந்தது கேனன் 700டி. 2013இல் வந்த, 18 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, அதாவது படத்தைப் பதியும் சென்சார் சற்றுச் சின்னது. அதோடு பெட்டியிலேயே வந்த 18-55 மி.மீ. லென்ஸ் (எண் குறையக் குறைய அகலமாகப் பார்க்கும்), முகப் படங்களுக்கு ஒரு 50 மி.மீ. லென்ஸ். அவ்வளவுதான்.

ஆறு மாதம் சிக்கலில்லாமல் ஓடியது. அப்புறம் ஒரு நாள் ஏஜென்ட் பத்துப் படங்களை வரிசையாக அனுப்பி மூன்று குறை சொன்னார். "ஜன்னல் எல்லாம் வெள்ளையா வெந்து போயிருக்கு. சுவர் சாயுது. ரூம் இருக்கறதை விடச் சின்னதாத் தெரியுது." கூடவே, வேறொருவர் எடுத்த படங்கள் சிலவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வேறொருவர் வைத்திருந்தது ஃபுல் ஃபிரேம் கேமரா, பெரிய சென்சார் உள்ளது.

புகைப்படக்காரருக்கு முடிவு உடனே கிடைத்துவிட்டது: கேமரா பழசு, மாற்ற வேண்டும். ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பாடி (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கேமராவின் உடல் மட்டும்) ஒன்றும், அதோடு 24-105 லென்ஸும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். நான் பல வருடமாகக் கட்டடங்களின் உட்புறம் எடுப்பவன். "அண்ணா, இதுல எந்த பாடி வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் பாடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பழைய படங்கள் நாற்பதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பச் சொன்னேன்.

பழைய படங்களில் தெரிந்தது

ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் கேமரா எழுதி வைக்கும் தகவல் இருக்கும்: எந்த லென்ஸ், எத்தனை மி.மீ., என்ன ஷட்டர் (எத்தனை விநாடி திறந்திருந்தது), என்ன ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு; ஏறினால் இரைச்சலும் ஏறும்). நாற்பது படத்தையும் உட்கார்ந்து வாசித்தோம். 34 படங்களில் லென்ஸ் 18 மி.மீ.யில் நின்றிருந்தது. அதாவது அந்த லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்குமோ அந்தக் கடைசி எல்லையில். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எல்லாவற்றிலும் எஃப் 3.5 அல்லது 4 (எண் கூடினால் துளை சுருங்கும்). ஐஎஸ்ஓ 800இலிருந்து 3200 வரை அலைந்தது. ஷட்டர் 1/40, 1/60. எல்லாம் ஜேபெக், கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய ஃபைல். ஒன்றுகூட ட்ரைபாடில் எடுத்ததில்லை.

700டியின் சென்சார் சின்னது என்பதால், லென்ஸின் மி.மீ.யை 1.6ஆல் பெருக்கித்தான் ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட வேண்டும். அதில் 18 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ 29 மி.மீ.க்குச் சமம். கிடைவாக்கில் பார்வைக் கோணம் 64 டிகிரி. ஓர் அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்றால் இரண்டு பக்கச் சுவர்களும் நம்மிடமிருந்து 90 டிகிரியில் விரிகின்றன. 64 டிகிரிக் கண்ணுக்கு அதில் ஒரு சுவர் தெரியும், மற்றது தெரியாது. "ரூம் சின்னதாத் தெரியுது" என்ற புகாரின் வேர் அதுதான்.

சுவர் சாய்ந்ததற்கும் வேர் அங்கேயே இருந்தது என்பதை ஒரு குளியலறைப் படம் காட்டியது. உள்ளே நின்று எடுக்க இடம் போதாமல், இவர் கதவுக்கு வெளியே போயிருக்கிறார். படத்தின் இடது ஓரம் முழுக்கக் கதவு நிலை. வாஷ் பேசினில் பாதிதான் உள்ளே. தரையும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிக் கீழே சாய்த்திருக்கிறார். கேமராவைக் கீழே சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் எல்லாம் கீழ்நோக்கி ஒன்றையொன்று நெருங்கும். அதனால் டைல்ஸ் கோடுகள் புனல் மாதிரி குவிந்திருந்தன. கண்ணாடியில் இவருடைய முழங்கை. லென்ஸ் அகலம் போதாதபோது ஒருவர் செய்யும் எல்லாச் சமாளிப்பும் அந்த ஒரே படத்தில் இருந்தது.

மூன்றாவது குறை, ஜன்னல். ஒரே ஒரு ஜேபெக் எடுத்து, அறைக்குப் பொருத்தமான வெளிச்சத்தை வைத்தால் ஜன்னல் வெந்துதான் போகும். எந்த பாடியாக இருந்தாலும் இந்த முறையில் பெரிய வித்தியாசம் வராது.

படங்களில் தெரிந்த மணல்மணலான இரைச்சலைக் காட்டி, "இதுக்காவது பாடிதானே காரணம்?" என்று கேட்டார். பாதி உண்மை. கையில் பிடித்து எடுத்ததால் ஷட்டரைக் குறைக்க முடியவில்லை, அதனால் ஐஎஸ்ஓ ஏறியது. வீடு எங்கும் ஓடாது. ட்ரைபாடில் வைத்தால் ஐஎஸ்ஓ 100இல் ஒரு விநாடிகூடத் திறந்து வைக்கலாம்.

பட்டியலை வைத்துப் போட்ட கணக்கு

அவர் வாங்க நினைத்த செட்டை முதலில் எடுத்துக்கொண்டோம். ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. கொடுப்பது 74 டிகிரி. 64இலிருந்து 74. முன்னேற்றம்தான், ஆனால் மூலையில் நின்றால் இன்னமும் இரண்டு சுவரும் வராது. அதே பழைய 700டியில் 10-18 லென்ஸ் ஒன்றை மாட்டினால் 10 மி.மீ.யில் 96 டிகிரி வந்துவிடும். ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ. போட்டால் கிடைக்கும் அதே அகலம். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மெகாபிக்சல் கணக்கு இன்னும் சுருக்கமானது. ஏஜென்ட் விளம்பரத்தில் ஏற்றும் படம் 2048 பிக்சல் அகலம், அதாவது 2.8 மெகாபிக்சல். 700டி தருவது அதைப்போல ஆறு மடங்குக்கும் மேலே.

ஃபுல் ஃபிரேமின் பெரிய பலம் இருட்டில், உயர்ந்த ஐஎஸ்ஓவில் தெரியும். ட்ரைபாடில் ஐஎஸ்ஓ 100இல் வேலை செய்பவருக்கு அந்தப் பலத்தில் பெரும்பகுதி உபயோகமில்லாமல் கிடக்கும். மீதி இருப்பது நிழல்களை எடிட்டிங்கில் தூக்கும்போது கிடைக்கும் சுத்தம். அது எவ்வளவு என்று காகிதத்தில் சொல்ல முடியாது, எடுத்துப் பார்க்க வேண்டும்.

டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் பற்றியும் பேச்சு வந்தது. கேமராவைச் சாய்க்காமலே பார்வையை மேலும் கீழும் நகர்த்தும் லென்ஸ் அது. கட்டடப் படத்துக்கென்றே பிறந்தது. கேனனின் 17 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் 2009இலிருந்து இருக்கிறது, எனக்கும் அதன் மேல் ஓர் ஆசை உண்டு. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் 25 படம் எடுத்து முடிக்க வேண்டியவருக்கு அது சரிப்படாது. அதோடு விட்டுவிட்டோம்.

ஒரு நாள் சோதனை

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். கேனன் ஆர்6 என்ற ஃபுல் ஃபிரேம் பாடி, பழைய வகை லென்ஸை அதில் மாட்ட ஓர் அடாப்டர், 16-35 எஃப் 4 லென்ஸ் ஆகியவை ஒரு நாள் வாடகைக்கு. 10-18 ஒன்றை என் நண்பரிடமிருந்து இரவல் வாங்கினேன். விற்பனைக்கு வரவிருந்த ஒரு காலி வீட்டின் சாவியை ஏஜென்ட் கொடுத்தார். ஒரே ட்ரைபாட், ஒரே இடம், ஒரே உயரம். கேமராவை மட்டும் மாற்றி மாற்றி எட்டு காட்சிகள்.

அன்று அதிகம் கற்றுக்கொண்டது வரவேற்பறையில். ஒரு பக்கம் முழுக்கப் பெரிய ஜன்னல், வெளியே நல்ல வெயில். எஃப் 8, ஐஎஸ்ஓ 100இல் அறையின் உள் மூலை நன்றாகத் தெரிய அரை விநாடி தேவைப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் நிறத்தோடு தெரிய 1/500. இரண்டுக்கும் நடுவில் எட்டு ஸ்டாப் தூரம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி). 700டியின் பிராக்கெட்டிங் (பிறகு ஒன்றாகச் சேர்க்க, ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுப்பது) ஒரு தடவைக்கு மூன்று படம், படத்துக்கு இரண்டு ஸ்டாப் இடைவெளி, அவ்வளவுதான். நடுவில் 1/30 வைத்தால் 1/8, 1/30, 1/125 கிடைக்கும். மூலைக்கும் இரண்டு ஸ்டாப் குறைகிறது, மரத்துக்கும் இரண்டு ஸ்டாப் குறைகிறது. ஆர்6 ஒரே அழுத்தில் ஏழு படம் வரை எடுக்கும்.

பழைய கேமராவுக்கு வழி இல்லாமல் இல்லை. முதலில் 1/8ஐ நடுவில் வைத்து ஒரு மூன்று: அரை விநாடி, 1/8, 1/30. பிறகு சக்கரத்தைப் பன்னிரண்டு கிளிக் திருப்பி, 1/125ஐ நடுவில் வைத்து இன்னொரு மூன்று: 1/30, 1/125, 1/500. ஒரு கிளிக்குக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் என்பதால் நான்கு ஸ்டாப்புக்குப் பன்னிரண்டு. நடுவே ஒரு படம் இரண்டு தடவை வரும், அது போகட்டும். இரண்டு விநாடி டைமரில் போட்டால் மூன்று படமும் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும், பட்டனை அழுத்திய ஆட்டமும் அடங்கியிருக்கும். ஆனால் கிளிக் திருப்பும்போது விரல் பட்டே ஆக வேண்டும். எட்டு காட்சிகளில் இரண்டில் கேமரா ஒரு மயிரிழை நகர்ந்து, படங்களைச் சேர்த்தபோது ஜன்னல் திரையின் பட்டைகள் இரட்டையாகத் தெரிந்தன.

எட்டு ஜோடிப் படங்களையும் ஒரே மாதிரி எடிட் செய்து, 2048 பிக்சலுக்குச் சுருக்கி, எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் ஏஜென்டிடம் காட்டினோம். மூன்று ஜோடியில் பழையதைத் தேர்ந்தார், மூன்றில் புதியதை. இரண்டில், "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். எட்டு ஜோடியை வைத்துப் பெரிய உண்மை எதையும் நிறுவ முடியாது. ஆனால் படத்துக்குக் காசு கொடுப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது எங்கள் முடிவுக்குப் போதுமான தகவல்.

முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமையலறை அலமாரிக்கு அடியில் இருந்த நிழலைத் தூக்கியபோது பழைய சென்சாரில் மெல்லிய கோடுகளும் மணலும் எழுந்தன. ஆர்6இல் அது வழவழவென்று வந்தது. வேகத்திலும் ஆர்6தான் முன்னால்: ஒரு காட்சிக்கு அரை நிமிடம் மிச்சம் என்றாலும் 25 காட்சிக்கு அது பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல்.

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டு கட்டமாகப் பிரித்தோம். இப்போதைக்கு 10-18 லென்ஸ், கியர் ஹெட் (ஒவ்வொரு திசைக்கும் தனித் திருகு உள்ள தலை) வைத்த ட்ரைபாட், கையால் அளவு வைக்கும் ஃபிளாஷ் ஒன்று, அதை இயக்க ஒரு ட்ரிக்கர். எல்லாம் சேர்ந்தும் முதலில் நினைத்த செட்டின் விலையில் பாதியைத் தொடவில்லை. பாடி பிறகு. எப்போது என்பதற்கும் மூன்று நிபந்தனை எழுதி வைத்தோம்: 700டி பழுதாக ஆரம்பித்தால், அல்லது வாரத்துக்கு ஐந்து வீட்டுக்கு மேல் வந்தால், அல்லது படங்கள் பதியும் ஒற்றைக் கார்டு காரணமாக ஒரு தடவை அடி வாங்கினால். மூன்றாவதை நான் பேச்சுவாக்கில்தான் சேர்த்தேன்.

கியர் ஹெட் எதற்கு என்று கேட்டார். பந்து ஹெட்டில் ஒரு திருகைத் தளர்த்தினால் மூன்று திசையும் ஒன்றாக ஆடும். வீட்டுப் படத்தில் பெரும்பாலும் ஒரே திசையில் ஒரு நூல் அளவு திருத்தம்தான் வேண்டும், மற்ற இரண்டும் அசையக் கூடாது. சுவர் சாயும் புகாருக்கு மிகப் பெரிய மருந்து லென்ஸைவிட இதுதான் என்பது என் எண்ணம். இதில் காசு மிச்சம் பிடித்தவர்கள் பின்னால் எடிட்டிங்கில் நிமிர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், நிமிர்த்தும் ஒவ்வொரு தடவையும் படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது.

700டிக்கு மேஜிக் லேன்டர்ன் என்ற இலவச மென்பொருள் உண்டு. கார்டில் ஏற்றினால் மூன்றுக்கு மேலேயும் பிராக்கெட் எடுக்க வைக்கும். கேமரா தயாரிப்பாளர் வெளியிட்டதல்ல. வேலைக்கு இருக்கும் ஒரே கேமராவில் அதைச் சோதிக்க வேண்டாம் என்று ஒதுக்கினோம். துணைக்கு இன்னொரு பாடி இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

இந்த முடிவில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை. "எல்லாரும் பெரிய கேமராவோட வர்றாங்க. நான் இதையே தூக்கிட்டுப் போனா ஏஜென்ட் என்ன நினைப்பார்?" என்றார். அன்று இதை நான் லேசாக எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் முன்னால் கையில் என்ன இருக்கிறது என்பதும் தொழிலில் ஒரு சங்கதிதான், அதை ஒரு வரியாகவாவது கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம்

வேலை ஒரு வழக்கத்துக்கு வந்தது. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைப்பது). கேமரா தரையிலிருந்து ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்தில், சமையலறையில் மட்டும் மேடையின் மேற்பரப்பு சற்றே தெரியும் அளவுக்கு இன்னும் உயரமாக. 10-18 லென்ஸில் தூரம் காட்டும் அளவுகோல் கிடையாது. அதனால் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் எதையாவது ஆட்டோ ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுவார். 10 மி.மீ., எஃப் 8இல் அப்படிச் செய்தால் ஏறக்குறைய 40 செ.மீ.யிலிருந்து எதிர்ச் சுவர் தாண்டியும் தெளிவாக இருக்கும். அறைக்கு அறை ஃபோகஸ் தேடும் வேலை ஒழிந்தது.

ஏஜென்டின் மூன்று புகாரும் முதல் இரண்டு வாரத்திலேயே நின்றன. இரண்டு புதிய பிரச்சினைகள் வந்தன.

முதலாவது, அகலம் கையில் கிடைத்ததும் இவர் எல்லாவற்றையும் 10 மி.மீ.யிலேயே எடுத்தார். படத்தின் ஓரத்தில் வந்த கட்டில் இழுபட்டுப் படகு மாதிரி நீண்டது. படுக்கையறை மண்டபம்போலத் தெரிந்தது. வீட்டை நேரில் பார்த்த இரண்டு பேர், "படத்துல இருந்தது இது இல்லையே" என்று ஏஜென்டிடம் கேட்டுவிட்டார்கள். சின்னதாகத் தெரிகிறது என்று ஆரம்பித்த கதை எதிர்ப் பக்கத்தில் போய் முட்டியது. அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டார்: அறைகளுக்கு 12இலிருந்து 14 வரை, 10 என்பது குளியலறைக்கும் ஒடுங்கிய சமையலறைக்கும் மட்டும். இந்த விதியை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். லென்ஸ் வாங்கச் சொன்னவன் நான்தானே.

இரண்டாவது, எடிட்டிங். ஒரு காட்சிக்கு ஆறு படம், 25 காட்சிக்கு 150 ரா ஃபைல். ஒரு ஃபைல் 25 எம்பி அளவுக்கு வரும், ஒரு வீட்டுக்கு நான்கு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை மூன்று மணி நேரமானது. அவருடைய பழைய மடிக்கணினி ஒவ்வொரு இணைப்புக்கும் மூச்சு வாங்கியது. கருவிக் கணக்குப் போட்ட அன்று கணினியைப் பற்றி இருவருக்கும் நினைப்பே வரவில்லை.

இங்கேதான் ஃபிளாஷ் கைகொடுத்தது. ஆறு படம் எடுப்பதை விட்டுவிட்டு மூன்று படத்துக்கு வந்தார். ஒன்று, அறையின் இயல்பான வெளிச்சத்தில். இரண்டாவது, ஃபிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கி அடித்து, நிறங்கள் சுத்தமாக வர. மூன்றாவது, ஜன்னலுக்கு: ஷட்டர் 1/160, ஃபிளாஷ் ஜன்னல் சட்டத்தை நோக்கி. 700டியில் ஃபிளாஷ் ஒத்துப்போகும் எல்லை 1/200, அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். 1/160இல் வெளியே இன்னும் வெளுத்திருந்தால் அந்த ஒரு படத்துக்கு மட்டும் எஃப் 11 அல்லது 13க்குப் போய், ஃபிளாஷின் அளவைக் கூட்டிக்கொள்வார். இந்த மூன்றாவது படத்தை எடிட்டிங்கில் டார்க்கன் முறையில் (இரண்டு படத்தில் இருண்டதை மட்டும் காட்டும் முறை) மேலே போட்டு ஜன்னலை மட்டும் பூசினால், வெளியே இருக்கும் மரம் அப்படியே வந்து உட்காரும். நேரம் மூன்று மணியிலிருந்து ஒன்றரைக்கு இறங்கியது. மரக் கூரை போட்ட ஒரு வீட்டில் மட்டும் ஃபிளாஷ் வெளிச்சம் பழுப்பாகத் திரும்பி வந்து சுவரெல்லாம் தேநீர் நிறமாகிவிட்டது. அங்கே பழையபடி பன்னிரண்டு கிளிக்.

விளக்கைப் போடுவதா அணைப்பதா என்பதில் ஏஜென்டோடு ஒரு சின்ன இழுபறி. மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு), ஜன்னல் வெளிச்சம் 5500க்கு மேல். இரண்டும் கலந்தால் ஒரே வெள்ளைச் சுவர் பாதி மஞ்சள், பாதி நீலம். பகலில் ஜன்னல் உள்ள அறைகளில் அணைத்துவிடுவது என்று முடிவானது.

கார்டு போன நாள்

ஐந்தாம் மாதம் ஒரு மாலை, படமெடுத்துத் திரும்பியவர் கார்டைக் கணினியில் போட்டார். திறக்கவில்லை. மீட்பு மென்பொருள் போட்டு இரவு முழுக்கத் தேடியதில் 25 காட்சிகளில் ஒன்பதுதான் முழுசாகக் கிடைத்தன. மறுநாள் திரும்பப் போனால் வீட்டில் பெயிண்ட் வேலை ஆரம்பித்து, சாமான்கள் எல்லாம் அறை நடுவில் துணி மூடி நின்றன. விளம்பரம் ஒன்பது நாள் தள்ளிப்போனது. ஏஜென்ட் கோபப்படவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்கு இவரைக் கூப்பிடவும் இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி அழைப்பு வந்தது.

பேச்சுவாக்கில் எழுதிய மூன்றாவது நிபந்தனை இப்படி நிறைவேறியது. 700டியில் கார்டுக்கு ஒரே இடம். ஆர்6இல் இரண்டு, ஒரே படத்தை இரண்டிலும் எழுதும். ஏற்கெனவே ஒரு நாள் கையாண்டு பழகியது என்பதால் யோசனை அதிகம் தேவைப்படவில்லை. பயன்படுத்திய ஆர்6 ஒன்றை, அடாப்டரோடு வாங்கினார். லென்ஸ் அதே 10-18.

இரண்டாம் கட்டமும், கேட்காமல் விட்ட கேள்வியும்

10-18 என்பது கிராப் சென்சாருக்காகச் செய்த லென்ஸ். அடாப்டர் வழியாக ஆர்6இல் மாட்டினால் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 20 மெகாபிக்சல் 8க்கும் கீழே இறங்கிவிடும், அகலத்தில் 3,400 பிக்சல் சொச்சம். 2048 பிக்சல் விளம்பரத்துக்கு இது ஏராளம். தெரிந்தேதான் இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டோம். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஏஜென்ட் ஒரு பெரிய வீட்டுக்கு அச்சுப் புத்தகம் போட்டார். நடுப்பக்கம் விரித்தால் ஏ3 அளவு, அதில் வரவேற்பறை ஒரே படமாக. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏ3க்கு 4,961 பிக்சல் அகலம் வேண்டும். எங்களிடம் இருந்ததை விரித்தால் அங்குலத்துக்கு 200 சொச்சம்தான் வரும். வடிவமைப்பாளர் மாதிரிப் பக்கத்தை அனுப்பி, திரைச்சீலையின் நெசவு கரைந்திருப்பதை வட்டமிட்டுக் காட்டினார். கையில் பிடித்துப் படிக்கும் பக்கம், மறைக்க முடியாது. 16-35ஐ மறுபடி வாடகைக்கு எடுத்துப் போய், முழு சென்சாரில், 5,472 பிக்சலில் அதே அறையை எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாதமே பயன்படுத்திய 16-35 ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டார்.

ஆக, நான் வேண்டாம் என்று தடுத்த ஃபுல் ஃபிரேமுக்கே ஒரு வருடத்துக்குள் வந்து சேர்ந்தார், 24-105க்குப் பதிலாக 16-35ஓடு. இதைச் சுட்டிக்காட்டி அவர் சிரித்தார். நானும்தான்.

புதிய பாடியோடு வந்த ஒரு சறுக்கலும் உண்டு. ஆள் குடியிருக்கும் வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தார். எல்ஈடி விளக்கு எரிந்த குளியலறையில், வேகமான ஷட்டரில் எடுத்த படங்களில் மட்டும் சுவர் முழுக்கக் கிடைவாக்கில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிசை வரிசையாகப் படிக்கிறது. அந்த நேரத்துக்குள் விளக்கு மின்னி மங்குவது வரிசைக்கு வரிசை பதிவாகிறது. அரை விநாடிப் படத்தில் பல மின்னல்கள் சேர்ந்து சமனாகிவிடுவதால் அங்கே தெரியவில்லை. இப்போது மெக்கானிக்கல் ஷட்டர்தான். குழந்தை இருந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

விளைவு

ஒரு வருட முடிவில் அதே ஏஜென்ட் தொடர்கிறார், அவர் சொல்லி இன்னும் இரண்டு ஏஜென்ட்கள் சேர்ந்திருக்கிறார்கள். வாரத்துக்கு நான்கு வீடு. ஒரு வீட்டுக்கு எடுப்பதற்கு ஒன்றேகால் மணி நேரம், எடிட்டிங்குக்கு ஒன்றரை. படங்கள் நன்றாக வருவதற்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். அவருடைய கண்ணும் இந்த ஒரு வருடத்தில் தேறியிருக்கிறது, அது எந்தப் பட்டியலிலும் இல்லாதது. ஆனால் புகார் நின்றது 700டியில் இருந்தபோதுதான் என்பது தேதிவாரியாக இருக்கும் செய்தி.

இன்று செய்தால் மாற்றுவது

முதல் நாளிலேயே ஏஜென்டிடம், "இந்தப் படங்கள் எங்கெங்கே போகும், எவ்வளவு பெரிதாக அச்சாகும்?" என்று கேட்கச் சொல்வேன். அச்சுப் புத்தகம் போடும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. கேட்டிருந்தால் இரண்டாம் கட்டத்தில் 10-18ஐ நம்பாமல் 16-35ஐயும் சேர்த்தே திட்டமிட்டிருப்போம், ஒரு மறுபடப்பிடிப்பு மிச்சமாகியிருக்கும். அதற்காக முதலில் 10-18 வாங்கியது தவறு என்று நினைக்கவில்லை. அடுத்த லென்ஸுக்கான காசை அதுதான் சம்பாதித்தது.

ஒற்றைக் கார்டு கேமராவோடு வேலை செய்த ஐந்து மாதமும் பாதி வீடு முடிந்ததும் கார்டை மாற்றும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். போனாலும் பாதிதான் போயிருக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் படங்களை மடிக்கணினியில் ஏற்றிப் பார்ப்பதை இப்போது விடாமல் செய்கிறார், இரண்டு கார்டு இருந்தும்.

எடிட்டிங் நேரத்தையும் கணினியையும் கருவிச் செலவின் உள்ளேயே எழுதுவேன். ஃபிளாஷ் முறையை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளாமல் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பேன்.

700டியை அவர் விற்கவில்லை. 10-18 மாட்டியபடியே, மாற்றுக் கேமராவாகப் பையின் அடியில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், திரைக்கு மேலே, சோதனை நாளில் அவர் ஒட்டிய சின்ன வெள்ளை டேப் இன்னும் இருக்கிறது. அதில் பேனாவில் "12" என்று எழுதியிருக்கும்.